எனக்கு ஐம்பதடி முன்னால்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு நீலப் பலகை இருக்கிறது. ‘கிரிவலப் பாதையில் முதன்முதலாகப் பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பலகை நட்ட நாளில், அதிலிருந்து ஐம்பதடி தள்ளி, பெண்களுக்கென்றே நான்கு கழிப்பறையும் இரண்டு குளியலறையும் உள்ள ஒரு சிமென்ட் ஷீட் கொட்டகை ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவள் நான். இன்றைக்கும் பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

அதற்கு முன்பு நான் செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தேன். அறை பெருக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது. ஆறு வருடம். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். ஒரு கழிப்பறை எவ்வளவு சுத்தமாக இருந்தால் ஒரு மனுஷி முகம் சுளிக்காமல் உள்ளே போவாள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். என் கணவர் தனியார் பேருந்தில் ஓட்டுநர். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போய்வரும் வண்டி. எங்களுக்குச் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். மாமனார் காலத்து நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம்.

ஒரு பௌர்ணமி அன்று மதியம் மூன்று மணி இருக்கும். விடுதி வாசலில் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து நின்றார்கள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். அம்மா தன் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பெண் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள உடுங்கக்கா. பொண்ணுக்கு நடுவழியில ஆயிடுச்சு.”

மேலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார். சாலையில் எதிர்ப்பக்கம் போனால் பொதுக் கழிப்பறை இருக்கிறது என்றார். அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம், தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அந்த அம்மா சொன்னாள். நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் என்னிடம்தான் கோபப்பட்டார்.

“ஒருத்தர உட்டா நூறு பேரு வருவாங்க. நாம இன்னா கக்கூஸா நடத்தறோம்?”

காலையில் ஒருவர் காலி செய்துவிட்டுப் போன அறை பின்பக்கம் திறந்துகிடந்தது. நான் அந்த இருவரையும் துணி காயப்போடும் சந்து வழியாக அழைத்துப் போனேன். கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

வேலை போனதில் அழுகை வந்தது உண்மை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே அந்த ஆள் சொன்னது மண்டைக்குள் வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. ஒருத்தரை விட்டால் நூறு பேர் வருவார்கள். அவருக்கு அது தொல்லை. எனக்கு அது செய்தி. பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிற ஊர் இது. வயசான பெண்கள், சர்க்கரை நோய்க்காரிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் நடக்கிறார்கள். வழி முழுக்க இளநீர் கிடைக்கிறது, சுண்டல் கிடைக்கிறது, ருத்திராட்சம் கிடைக்கிறது, படம் போட்ட சாவிக்கொத்து கிடைக்கிறது. தாழ்ப்பாள் போட்ட ஒரு சுத்தமான கதவு மட்டும் கிடைக்கவில்லை. பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு வந்தார்கள். இதை ஒரு பெரிய விஷயமாக யாரும் பேசியதில்லை. பேசவேண்டிய ஆண்களுக்கு மரத்தடி இருந்தது.

என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும், சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று கேட்டார். சாலையோரம் பலகை வைத்துச் செய்கிற தொழிலை எப்படித் தெரியாமல் செய்வது? என்னோடு கைகோத்தவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, அவள் எங்களோடுதான் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். நான் விஷயத்தைச் சொன்னபோது, “கழுவறது நாம தானே, செய்யலாங்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். என் வளையல்களும் போயின.

கிரிவலப் பாதையோரம் ஒருவருக்கு ஒரு பழைய கொட்டகை இருந்தது. முன்பு வேர்க்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். பின்னால் ஆழ்துளைக் கிணறு. கரண்ட் இருந்தது. நிலக்காரர் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார். நான் அதை வாசிக்காமல் கையெழுத்துப் போடவில்லை. வாசித்தேன், ஆனால் புரியவேண்டியது புரியவில்லை.

உரிமம் வாங்கப் போன இடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான். பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். ஓட்டல் இருந்தது, லாட்ஜ் இருந்தது, சலூன் இருந்தது, வண்டி நிறுத்துமிடம் இருந்தது.

“இதுக்கு லிஸ்ட்ல எடமே இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல.”

மூன்று வாரம் நடந்தேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ‘குளியலறை வசதியுடன் கூடிய தேநீர்க் கடை’ என்று போட்டுக் கொடுத்தார். யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு ஒரு டீ பாய்லர் வாங்கி வைக்கச் சொன்னார். அந்தப் பாய்லர் ஒருநாளும் பற்றவைக்கப்படாமல் கொட்டகை வாசலில் பளபளவென்று நின்றது. முதலில் வருகிறவளுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது என்பதை அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உரிமம் கிடைத்ததே பெரிது என்று வீட்டுக்கு வந்து கேசரி கிளறினேன்.

திறந்த அன்று பௌர்ணமி. பாதையில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் கொட்டகைக்குள் ஒருத்திகூட வரவில்லை. ‘கட்டணக் கழிப்பிடம்’ என்று பலகையில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏதோ ஒரு பேருந்து நிலையத்து நாற்றம் நினைவுக்கு வந்திருக்கும். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு போனவளைக்கூடப் பார்த்தேன். உள்ளே டெட்டால் போட்டுக் கழுவி, சாம்பிராணி போட்டு, ஈரம் துடைத்து வைத்திருக்கிறோம், அவள் மூக்கை மூடுகிறாள். ஒரு அம்மா நின்று பத்து ரூபாயா என்று கேட்டாள். சாமி சுற்ற வந்த இடத்தில் இதற்குக்கூடக் காசு பிடுங்குகிறாயா என்று நடுச்சாலையில் நின்று திட்டினாள். அதே அம்மா கையில் நாற்பது ரூபாய் இளநீர் இருந்தது.

அன்று மாலை நான் பலகையைக் கழற்றிவிட்டுச் சாலையோரம் போய் நின்றேன். பெண்களைப் பார்த்து, “உள்ள போயி பாத்துட்டு வாங்கம்மா, புடிச்சிருந்தா காசு குடுங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஒரு ஆசிரியை மாதிரி இருந்த பெண் சந்தேகத்தோடு போனாள். வெளியே வந்து தன்னோடு வந்த ஏழு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டாள். அப்படித்தான் தொடங்கியது. கழிப்பறைக்குக் காசு கொடுக்கலாம், கொடுத்தால் கொடுத்ததற்கு உள்ளே ஏதாவது இருக்கும் என்பதை ஆறு மாதம் தொண்டை வலிக்கச் சொல்லிச் சொல்லி இந்தப் பாதைக்கு நாங்கள் பழக்கினோம். அந்தத் தொண்டை வலிக்கு எந்தக் காகிதத்திலும் கணக்கில்லை.

தப்புகள் எல்லாம் எங்களுக்கே முதலில் வந்தன. பளபளப்பான டைல்ஸ் போட்டிருந்தேன், விடுதியில் பார்த்த ஆசையில். ஒரு வயசான அம்மா ஈரக்காலோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நானும் ஓரகத்தியும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க் கட்டுப் போடும்வரை கூடவே இருந்தோம். அவருடைய மகன் என்னைத் திட்டியது நியாயம்தான். மறுநாளே டைல்ஸைக் கொத்தி எடுத்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்தோம். சுவரில் பிடித்து எழுந்துகொள்ளக் கம்பி வைத்தோம். பூஜைக் கூடையும் விபூதிப் பொட்டலமும் பிரசாதமும் கையில் வைத்திருக்கிற பெண்கள் அதோடு உள்ளே போகமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாசல்வரை வந்து தயங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏன் என்று ஒரு மாதம் கழித்து ஒருத்தி சொன்ன பிறகுதான், தரையிலிருந்து உயரமாக எண் போட்ட தட்டுகள் அடித்தோம். வெறும் பலகைத் தட்டு. அதை வைத்த பிறகு கூட்டம் இரட்டிப்பானது.

எல்லாவற்றையும்விட மோசமான நாள் ஒரு சித்திரைப் பௌர்ணமி. மதியத்துக்குள் கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது. உறிஞ்சும் லாரிக்குப் போன் செய்தால், பௌர்ணமிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், நாளைக்குத்தான் வர முடியும் என்றார்கள். வாசலில் முப்பது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கதவைச் சாத்தி, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நிறைமாதக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த மாதம் பெரிய தொட்டி கட்டினோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே லாரி வந்துபோக ஏற்பாடு செய்தோம்.

இதற்கு நடுவில் ஊரில் ஒரு காதுகுத்து. பந்தியில் பரிமாற நான் சாம்பார் வாளியை எடுத்தேன். என் கணவருக்குச் சித்தி முறையாகும் ஒருவர் வந்து வாளியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நீ உக்காரும்மா, டவுன்ல கை வேல ஜாஸ்தி இல்ல” என்றார். சுற்றியிருந்த நான்கைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை, சாப்பிடவும் இல்லை. எனக்கு ஒருநாள் நடந்தது இது. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக வேறு ஜனத்தின் தலையில் கட்டிவிட்டு, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய குடும்பங்கள்தான் எங்களுடையவை. அதையெல்லாம் அந்த வாளி கைமாறியபோதுதான் என் உடம்பு உணர்ந்தது. அவ்வளவு தாமதமாக உணர்ந்ததற்கும் எனக்கு என்மேலேயே கோபம் உண்டு.

ஒரு வருடம் முடிந்தபோது எங்களுக்குப் பெயர் கிடைத்திருந்தது. ‘அக்கா ரூம்’ என்றார்கள். ஆந்திராவிலிருந்து வேனில் வருகிற பெண்கள் கிளம்பும்போதே போன் செய்தார்கள். பேசாத என் ஓரகத்தி தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டாள். முதலில் வந்ததில் எனக்குக் கிடைத்த நல்லது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பெண்களுக்கு எங்களைத் தவிர வேறு ஆளைத் தெரியாது. எங்களுக்கும் ஒவ்வொருத்திக்கும் எது தேவை என்று தெரியும். யாருக்கு வெந்நீர் வேண்டும், யாருக்கு மேலைநாட்டு இருக்கை வேண்டும், யார் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனியிடம் கேட்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வோம். எந்தப் படிப்பும் இதைச் சொல்லித் தராது.

அப்போதுதான் அவர் வந்தார். நகரத்தில் ஒரு மண்டபமும் இரண்டு லாட்ஜும் உள்ளவர். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வெள்ளைக் கதர்ச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மனைவி உள்ளே போயிருக்க, அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் கொடுத்த மோரைக் குடித்தார். எவ்வளவு நல்ல காரியம் செய்கிறீர்கள் என்றார். அந்த ஒரு வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆண் அவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர், பௌர்ணமிக்கு எத்தனை பேர், தொட்டி என்ன அளவு, டைல்ஸ் ஏன் மாற்றினீர்கள், இந்தத் தட்டு எதற்கு. தட்டைத் தன் செல்போனில் படம்கூடப் பிடித்துக்கொண்டார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்கு மாதத்தில் அவருடைய கட்டடம் எழுந்தது. எனக்கு முன்னால், ஐம்பதடி தூரத்தில். கிரிவலப் பாதை தெரியாதவர்களுக்கு இதன் அர்த்தம் புரியாது. மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் நடப்பார்கள். திரும்பி நடக்கிறவர் யாரும் கிடையாது. எனக்கு ஐம்பதடி பின்னால் கட்டியிருந்தால் அவர் போட்டிக்காரர். ஐம்பதடி முன்னால் கட்டியதால், என்னிடம் வரவேண்டிய ஒவ்வொருத்தியும் அவர் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். சொரசொரப்பான கல், பிடித்து எழக் கம்பி, எண் போட்ட தட்டு, எங்களுடையதைப்போல நான்கு மடங்கு தொட்டி, லாரி வந்துபோகப் பின்பக்கமாகத் தனி வழி. அவருடைய கட்டடத்தில் ஒரு தப்புகூட இல்லை. இருந்த தப்புகளையெல்லாம் நாங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டோமே.

நான் அதற்காகக்கூடச் சண்டைக்குப் போகவில்லை. பாதையில் இன்னும் எட்டுக் கதவு கூடியது பெண்களுக்கு நல்லதுதான் என்று ஓரகத்தியிடம் நானே சொன்னேன். அந்தப் பலகை வந்த அன்றுதான் போனேன்.

மண்டபத்து அலுவலக அறையில் அவர் என்னை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். ‘முதன்முதலாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்கவில்லை என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சட்டம் போட்ட ஒரு சான்றிதழை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ‘வகை: பெண்கள் ஓய்வறை. பதிவு எண்: 1.’

“லிஸ்ட்ல புதுசா சேத்திருக்காங்கம்மா. நாந்தான் எழுதிக் குடுத்து சேக்க வெச்சேன். உங்களுது டீக்கடைங்க. ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது.”

அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

“உங்கள பாத்துதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அத இல்லேன்னு சொல்லல. ஆனா யோசனைக்குப் பட்டா கெடையாதுங்க. ஆரம்பிக்கறது ஒண்ணு, பெருசா செய்யறது ஒண்ணு.”

அதில் பாதி உண்மை என்பதுதான் என்னை எரித்தது. யோசனைக்குப் பட்டா கிடையாதுதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது யோசனையை இல்லை. உடைந்த மணிக்கட்டை, நிறைமாதக்காரியின் பார்வையை, சாம்பார் வாளியை எல்லாம் எனக்கே விட்டுவிட்டு, அவற்றிலிருந்து வந்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதையும் பலகையில் அழித்துவிட்டார். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் பாதியானது. போன் செய்துவிட்டு வருகிறவர்கள் அவருடைய கண்ணாடிக் கதவைத் தாண்டி எங்களைத் தேடி வந்தார்கள், அது உண்மை. ஆனால் புதிதாக வருகிறவளுக்கு அக்காவாவது ரூமாவது. முதல் கதவு எதுவோ அதில் நுழைவாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது நிலக்காரர் வந்தார். இரண்டாவது தடவை பதினோரு மாதம் நீட்டித்திருந்தோம். மூன்றாவது தடவை கிடையாது என்றார். அவருடைய மைத்துனருக்கு இதே தொழிலில் ஆசை வந்துவிட்டதாம்.

“எடத்துக்கு மதிப்பு வந்தது உன்னாலதாம்மா, நான் மறைக்கல. ஆனா ஊட்டுப் பொம்பளைங்க நச்சரிக்கறாங்க, நான் இன்னா பண்ண?”

முன்பு வேர்க்கடலை மூட்டையும் எலியும் இருந்த கொட்டகை. அதற்கு மதிப்பு வரவழைத்தவள் காலி செய்துகொண்டு போகவேண்டும், ஏனென்றால் மதிப்பு வந்துவிட்டது. இதை அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், என் வாசலில் நின்று, என்னிடமே வாங்கிக் குடித்த தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நாங்கள் கட்டிய பெரிய தொட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டா போக முடியும்? கம்பிகளையும் தட்டுகளையும் மட்டும் கழற்றிக்கொண்டோம். டீ பாய்லரைப் பழைய சாமான் கடையில் போட்டோம்.

அந்த மாதத்தில்தான் உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். புதுமையாகத் தொழில் தொடங்கியவர்களுக்குப் பொன்னாடை. அவர் பெயரும் அழைப்பிதழில் இருந்தது. சுயதொழில் செய்யும் பெண்கள் என்ற முறையில் எங்களுக்கும் ஒரு அழைப்பு வந்தது, கைதட்டுவதற்கு. என் கணவர் போகவேண்டாம் என்றார். போனோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மின்விசிறிகள் சத்தத்தில் பாதி பேச்சு கேட்கவில்லை. அவரை மேடைக்கு அழைத்தவர், பெண்களின் துயரத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் யாருக்கும் தோன்றாத ஒன்றை இந்த மண்ணில் முதலில் செய்தவர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். நான் கையை உயர்த்தினேன். முன்வரிசையில் இருந்தவர் கேள்வியெல்லாம் கடைசியில் என்று சைகை காட்டினார். நான் கையை இறக்கவில்லை. அவர்களும் என்னைப் பார்க்கவில்லை. பேச்சு தொடர்ந்தது.

அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. என் ஓரகத்தி எழுந்து நின்றாள். எங்கள் வீட்டில் ரேஷன் கடைக்காரரிடம்கூடச் சத்தமாகப் பேசாதவள்.

“முதல் ஆளு அவர் இல்லீங்க. இதோ ஒக்காந்திருக்காங்களே, எங்க அக்கா, இவங்கதான் முதல் ஆளு. ரெண்டாவது ஆளு நான். அவரு மூணாவது. எங்க ரூமுல மோர் குடிச்சிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாரே, அவரையே கேளுங்க.”

பின்வரிசையில் பூ விற்கிற பெண்கள் சிலர் கைதட்டினார்கள். அவர்கள் எங்கள் கொட்டகைக்கு வந்துபோகிறவர்கள். மேடையில் இருந்த அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். ஒலிபெருக்கிக்காரர், தாய்மார்களின் உணர்வையும் மதிக்கிறோம் என்றார். பிறகு பொன்னாடையை அவருக்கே போர்த்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. பலகையிலிருந்து அந்தச் சொல் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து செங்கம் சாலைப் பக்கம் அவர் இன்னொரு கிளை திறந்தார்.

ஆனாலும் அந்த விழாவில் இருந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியை. கிராமத்தில் தங்களுக்கென்று கோயிலும் நிலமும் வைத்திருக்கிற ஜைனக் குடும்பம். கிரிவலப் பாதையில், பழைய இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அவருக்கு ஒரு மனை சும்மா கிடந்தது. தொழிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. எத்தனை வருடத்துக்கு ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார். பதினோரு மாதம் என்று என் வாயில் பழக்கத்தில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அஞ்சு வருஷம் போடுங்க. ரிஜிஸ்டர் பண்ணுங்க. நான் செத்தாலும் என் பிள்ளைங்க உங்கள எழுப்பக் கூடாது.”

பதிவு செய்தோம். புதிய உரிமத்துக்கு மறுபடியும் அதே அலுவலகம் போனேன். இந்த முறை பட்டியலில் இடம் இருந்தது. மூன்று நாளில் வேலை முடிந்தது. என் சான்றிதழில் பதிவு எண் ஏழு. இந்த ஊரில் இதை முதலில் செய்தவளுக்கு எண் ஏழு. அதே நல்ல மனிதர்தான் முத்திரை வைத்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார். நம்பரில் என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லையென்றால் எனக்கு ஒன்றைக் கொடுங்கள் என்றேன். மேசையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இந்தப் புது இடத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் பெரும்பகுதி முன்னால் இருக்கிற ஐந்து இடங்களிலேயே நின்றுவிடுகிறது. நாங்கள் மற்ற நாட்களில் பிழைக்கிறோம். அவர்கள் சாதாரண நாட்களில் பூட்டிவிடுகிறார்கள், ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது என்று. நாங்கள் தினமும் திறக்கிறோம். தினமும் நடக்கிறவர்கள் வருகிறார்கள், பாதையில் வியாபாரம் செய்கிற பெண்கள் வருகிறார்கள், ஆந்திரா வேன்கள் போன் செய்துவிட்டு வருகின்றன. பாதை கூட்டுகிற பெண்களிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை. ஒரு பிழைப்பு என்று சொல்லுமளவுக்கு இருக்கிறது. முதலில் வந்தவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது இவ்வளவுதானா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். என் கணவர் எத்தனை நாளைக்கு இதையே பேசிக்கொண்டிருப்பாய் என்கிறார். இன்னும் கொஞ்ச நாள் பேசுவேன்.

போன மாதம் அந்த மண்டபத்துக்காரரின் ஆள் ஒருவர் பைக்கில் வந்தார். ஐயா மூன்றாவது கிளை திறக்கப்போகிறார், அதற்கு மேற்பார்வை பார்க்க அனுபவமுள்ள ஒரு பெண் வேண்டுமாம். உங்களைத்தான் முதலில் கேட்டுவரச் சொன்னார் என்றார். முதலில் என்ற சொல்லை அழுத்தி, அது எனக்கு ஒரு மரியாதை என்பதுபோலச் சொன்னார். நான் வாளியைக் கீழே வைத்தேன். எங்களிடம் காலைநேரத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது, கழுவுகிற வேலைதான், உங்கள் ஐயாவுக்கு விருப்பமிருந்தால் வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்து, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். ஓரகத்தி உள்ளேயிருந்து தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டாள். நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போனேன்.